7 கிலோவுக்குள் ஒரு ராத்தங்கல்: சைக்கிள் கேம்பிங் இதுவரை

இப்போது என் சைக்கிளில் ஏறும் சாமான், தண்ணீரைச் சேர்க்காமல், 7 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. வெளியில் ஓர் இரவு தங்கித் திரும்ப இது தாராளம். இதற்காக விலை உயர்ந்த சாமான் எதையும் வாங்கவில்லை. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் எது வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துக் கழித்ததிலேயே பாரம் குறைந்துவிட்டது.

பைக்பேக்கிங், அதாவது சைக்கிளிலேயே சாமானைக் கட்டிக்கொண்டு போய்த் தங்குவது பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது டூர் டிவைட் என்ற நெடுந்தூர சைக்கிள் பந்தயம். கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிகோ எல்லை வரை, 4,000 கிலோமீட்டருக்கும் மேல், பெரும்பாலும் மண் பாதையில் ஓட்டுகிறார்கள். அந்த மலைகளில் ஜூன் மாதத்திலும் பனி கிடக்கும். அடுத்த கடை எங்கோ இருக்கும். அதனால் அவர்களுக்கு ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, கேஸ், பாத்திரம் எல்லாம் தேவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரத்துக்கொரு டீக்கடை இருக்கிறது. இட்லி கிடைக்கும், வெந்நீர் கேட்டாலும் தருவார்கள். ஆகவே சமையல் சாமான் முழுவதும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் ஒரு பருத்தி வேட்டி. போர்த்திக்கொள்ளலாம், துவட்டலாம், உடை மாற்ற மறைப்பாகவும் கட்டலாம். கொசுவலையை மட்டும் எதற்காகவும் விடக்கூடாது. கடலோரத்தில் கொசுவலை இல்லையென்றால் தூக்கமே இல்லை.

அடுத்தது பை. ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் உட்காரும் பையைத்தான் முதலில் செய்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பாரம் கீழேயும் நடுவிலேயும் இருந்தால் சைக்கிள் அலையாது. மோட்டார் பைக் சீட் கவர் தைக்கும் கடையிலேயே இதைத் தைத்துக்கொண்டேன். அட்டைப்பெட்டியை வெட்டி முக்கோணத்துக்குள் வைத்துப் பார்த்து, பாட்டில் ஸ்டாண்டின் திருகு இடிக்கும் இடத்தைக் குறித்து, அந்த அட்டையையே அளவாகக் கொடுத்தேன். அகலம் 6 சென்டிமீட்டர்தான் கேட்டேன். அதற்கு மேல் போனால் பெடல் மிதிக்கும்போது முட்டி உரசும். தைத்தவர் துணியை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, “தம்பி, அடிப்பக்கம் ரெண்டு மடிப்பு போட்டுர்றேன், வெயிட்டு அங்கதான் இறங்கும்” என்றார். அவர் போட்ட அந்த இரட்டைத் தையல் இன்னும் ஒரு நூல் பிரியவில்லை. தண்ணீர், டூல்ஸ், பம்பு எல்லாம் இதற்குள்தான்.

ஹேண்டில்பாரில் ஒரு வாட்டர்புரூஃப் பை. அதில் கொசுவலையும் வேட்டியும் மாற்றுத்துணியும். சீட்டுக்குப் பின்னால் நைலான் தார்ப்பாயும் மடித்த ஃபோம் பாயும். சீட்டுப் பையில் கனமானதைச் சீட் கம்பியை ஒட்டியும், லேசானதை வால் பக்கமும் வைத்து, வாரை இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் எழுந்து நின்று மிதிக்கும்போது பின்பக்கம் இடமும் வலமும் ஆடும்.

பயணத்துக்கு மார்கழி, தை மாதங்கள்தான் தோது. திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று எதிரில் வரும், அதனால் விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும். மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டி, ஆலம்பரைக் கோட்டை இருக்கும் கடப்பாக்கம் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அங்கிருந்து மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்புகள் நிறைய. தோப்புக்காரரிடம் கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகுதான் சைக்கிளை உள்ளே தள்ளுவேன். மணற்கரையில் தங்குவதில்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும்; டார்ச் வெளிச்சம் அவற்றையும் குஞ்சுகளையும் குழப்பிவிடும். தோப்பில் இன்னொரு லாபமும் உண்டு: வெட்டவெளியில் தார்ப்பாய் விடிவதற்குள் பனியில் சொட்டச்சொட்ட நனைந்துவிடும், மரத்தடியில் அவ்வளவு நனையாது.

மணலில் கூடார ஆணி நிற்காது. விழுந்து கிடக்கும் சவுக்குக் குச்சியை முழங்கை நீளத்துக்கு ஒடித்து, நடுவில் தார்ப்பாயின் கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் படுக்க வைத்து, மணலை மூடி மிதித்துவிடுங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இன்னும் இறுகும். கடற்காற்று ராத்திரி முழுக்க இழுத்தாலும் அசையாது. காலையில் கயிற்றைச் செங்குத்தாக மேலே இழுத்தால் குச்சி வந்துவிடும்.

அப்புறம் முள். சாலையைவிட்டு இறங்கினாலே சீமைக்கருவேலம். டியூபைக் கழற்றி ஒட்டுப் போட்டுவிட்டு அப்படியே மாட்டினால், டயருக்குள் நிற்கும் முள்நுனி மறுபடியும் குத்தும். ஒரு பழைய துணியை டயரின் உள்பக்கம் சுற்றிலும் தேய்த்து இழுத்தால், நுனி இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். அங்கே டயரைக் கொஞ்சம் மடக்கினால் கறுப்பாகத் தலை தெரியும், குறடால் பிடுங்கிவிடலாம். இப்போது நான் பையில் வைத்திருப்பது ஸ்பேர் டியூப் ஒன்று, பஞ்சர் சொல்யூஷன், ஒட்டு, சின்னக் குறடு.

தண்ணீர் 3 லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறேன். 1 லிட்டர் என்றால் 1 கிலோ, ஆனால் இதில் மட்டும் எடை பார்ப்பதில்லை. ஒரு பாட்டிலில் லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து வைப்பேன். வெயில் ஏறியபின் வெறும் தண்ணீரைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், உயரம் 1,000 மீட்டருக்கு மேல். என் ஹைபிரிட் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 28 பல், பின்னால் பெரியது 28 பல். சாமானோடு ஏற அது பத்தாது. பின்னால் 34 பல் போட வேண்டும். இப்போதுள்ள டீரெய்லர் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) அதை ஏற்குமா என்று மெக்கானிக்கிடம் காட்டச் சைக்கிளை விட்டிருக்கிறேன். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது, அதனால் மேலே ஊருக்குள் இடம் கேட்டு வைக்க வேண்டும். அந்த உயரத்தில் சமவெளியைவிட 6, 7 டிகிரி குளிரும் என்பதால் வேட்டியோடு ஒரு மெல்லிய கம்பளியும் போகப்போகிறது. அது மட்டும் 600 கிராம். அதற்கு ஈடாக எதைக் கழிக்கலாம் என்றுதான் இந்த வாரம் முழுக்கத் தராசோடு உட்கார்ந்திருக்கிறேன்.