பாசிக்குடாவுக்கு வந்து சேரும் போத்தல்

ஒரு வைனுக்கு லண்டனிலோ சிட்னியிலோ யாரோ நூற்றுக்கு 92 புள்ளி கொடுத்திருப்பார்கள். அந்த எண் சின்ன ஒட்டுத்தாளாகப் போத்தலின் கழுத்திலேயே வந்துவிடும். இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடா, கல்குடாப் பக்கத்து ஹோட்டல்களுக்கு வைன் சுவைத்து அறிக்கை எழுதுவது என் தொழில். பருவகாலத்தில் அறுகம்பைக்கும் போவேன். இந்த வேலையில் இருந்து இருந்து எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று உண்டு: அந்த 92 இங்கே செல்லாது. புள்ளி போட்டவர் பொய் சொல்லவில்லை. அவர் சுவைத்த வைன் வேறு, இங்கே மேசைக்கு வருகிற வைன் வேறு.

சிலியிலோ பிரான்சிலோ அடைத்த போத்தல் வாரக்கணக்கில் கடலில் வருகிறது. குளிரூட்டிய கொள்கலனில் வந்தால் நல்லது. சாதாரணக் கொள்கலன் வெயிலில் கிடந்தால் உள்ளே 50 பாகையையும் தாண்டும். அப்புறம் கொழும்பில் ஒரு களஞ்சியம், அங்கிருந்து லொறி. ஹபரணையில் சாரதி மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் தார்ப்பாய்க்குக் கீழே வைனும் வெயிலில் நிற்கிறது. பொலன்னறுவை, வெலிக்கந்தை கடந்து வாழைச்சேனைக்கு வரும்போது பெட்டியைத் தொட்டாலே கைக்குச் சூடு தெரியும். சாரதியைக் குறை சொல்ல முடியாது. அரிசியும் சீமெந்தும் இதே பாதையில் இப்படித்தான் வருகின்றன. ஆனால் வைன் 12, 14 பாகையில் வைத்திருக்க வேண்டிய பொருள்.

அதனால் போத்தலைக் கையில் எடுத்ததும் நான் கழுத்தைத்தான் பார்ப்பேன். சூடேறினால் திரவம் விரியும், உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்று நெருக்குண்டு தக்கையை மேலே தள்ளும். மேலுறையை விரலால் சுற்றிப் பார்த்து, அது அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வைன் கசிந்து காய்ந்திருக்கக்கூடும் என்று சந்தேகப்படுவேன். திருகுமூடிப் போத்தலில் இந்த அடையாளம் கிடைக்காது. அங்கே மூக்கை நம்பித்தான் ஆக வேண்டும். சூடு பட்ட வெள்ளை வைனில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் போன்ற வாசங்கள் முதலில் போய்விடும். சிவப்பில் புதுப்பழ வாசம் இருந்த இடத்தில் ஜாம் மாதிரி, அவித்த பழம் மாதிரி ஒன்று இருக்கும். வைனைக் காக்கப் போடுகிற கந்தகவீரொட்சைட்டும் சூட்டில் வேகமாகத் தீர்ந்துபோகிறது. பிறகு காற்றோடு சேர்ந்து பழுப்பேறுவதைத் தடுக்க எதுவும் இல்லை.

எல்லா வைனும் சூட்டில் கெடும் என்றும் சொல்லிவிட முடியாது. போர்த்துக்கேயரின் மதேராத் தீவு வைன் கப்பலில் பூமத்திய ரேகையைக் கடந்து போய் வந்ததில்தான் அந்தச் சுவையைப் பெற்றது. இன்று அதைத் தொட்டிகளில் 45 பாகைக்கு மேல், குறைந்தது மூன்று மாதம், வேண்டுமென்றே சூடாக்குகிறார்கள். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய அதே போர்த்துக்கேயர்தான். இங்கே ஒரு மதேராவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோட்டை ஞாபகம் வரும். மேசை வைனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

குறை எது என்று பிரித்து எழுதுவதில் நான் மிகவும் கவனமாக இருப்பேன். நனைந்த மட்டைப்பெட்டியின் பூஞ்சண வாசம் அடித்தால் அது பெரும்பாலும் தக்கைக் குறை. அதை உண்டாக்கும் சேர்மம் லீற்றருக்குச் சில நனோகிராம் இருந்தாலே மூக்கில் படும். அந்தப் போத்தலைத் தள்ளிவைத்து இன்னொன்றைத் திறந்தால் போதும், பக்கத்துப் போத்தல் அருமையாக இருக்கலாம். சூடு அப்படி ஒரு போத்தலோடு நிற்பதில்லை. அடுக்கின் வெளிப்பக்கப் பெட்டி ஒன்று, நடுப்பக்கப் பெட்டி ஒன்று என்று எடுத்துச் சுவைத்தால்தான் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியும். இது தெரியாமல் முழு வைனையும் மட்டம் என்று எழுதிவிட்டால், எங்கோ மலைச்சரிவில் திராட்சை வளர்த்தவருக்கு அநியாயம் செய்தவர்களாகிவிடுவோம். என் அறிக்கையில் எப்போதும் இரண்டு பகுதி இருக்கும்: வைன் எப்படிப்பட்டது, வந்து சேர்ந்த நிலை என்ன. வாங்குபவர் இரண்டாவதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

சுவைப்பதற்குக் காலைதான் நல்லது. சமையலறையில் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் தாளிக்கத் தொடங்கிவிட்டால் மூக்கின் வேலை முடிந்தது. சாம்பிராணியும் நுளம்புச் சுருளும் அதைவிட மோசம். போத்தல்களைத் துணியால் மூடி, யாரையாவது ஊற்றச் சொல்லி, பெயர் தெரியாமல் சுவைப்பேன். கண் மூக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பிரான்சின் போர்தோவில் நடந்த சோதனை ஒன்று உண்டு. 2001இல் வெளிவந்தது. வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, வைன் படிக்கிற 54 மாணவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். கழுத்தில் ஒட்டிய 92உம் அந்தச் சாயம் செய்கிற வேலையைத்தான் செய்கிறது.

சுவைத்ததைத் துப்பிவிடுவேன். "என்ன மனே, துப்புறதுக்கா சம்பளம்?" என்று மாமி கேட்டார். விழுங்கினால் ஐந்தாவது கிளாஸுக்குப் பிறகு எழுதுவது எதையும் நம்ப முடியாது என்று சொன்னேன். குடியால் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவர் அவர், அந்தக் கேள்வியில் இருந்த கவலை எனக்கு விளங்கியது. இந்தத் தொழிலை நான் வெளியே கொண்டாடுவதில்லை. மதுபான விளம்பரத்தை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. நான் எழுதுவது வாங்குபவருக்கும் பரிமாறுபவருக்கும் மட்டும்தான். போயா என்கிற முழுமதி நாளில் மது பரிமாற முடியாது என்பதால், ஹோட்டல் ஊழியர்களோடு களஞ்சியத்தைப் பார்க்க அன்றுதான் நேரம் கிடைக்கும்.

பாசிக்குடாவில் கடல் அமைதியாக இருந்து ஆட்கள் நிறைகிற மாதங்களில்தான் கச்சானும் வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வரும். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற விதியைக் குளிர்நாட்டு வீடுகளை நினைத்துத்தான் சொன்னார்கள். கச்சான் நாளில் நம் அறை 33 பாகையில் இருக்கும். அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள் என்று நான் சொன்னபோது பரிமாறும் தம்பி ஒருவர் தயங்கினார். "சிவப்பை பிரிட்ஜில வைக்கக் கூடாதெண்டுதானே அண்ணே படிச்சனாங்கள்?" ஒரே போத்தலிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றி, ஒன்றை 16 பாகைக்குக் குளிரவைத்து அவரிடமே கொடுத்தேன். மணந்து பார்த்தார். "சூடாயிருக்கிறதில சாராய வாசம்தான் வருது." நான் அறிக்கையில் எழுத இருந்ததும் அதுதான்.

சாப்பாடு இன்னொரு பக்கம். வாவி நண்டுக் கறியோடு, அதிகப் புள்ளி வாங்கிய ஆஸ்திரேலிய ஷிராஸ் சிவப்பு வைன் ஒன்றைச் சுவைத்துப் பார்த்தோம். 14.5 வீத மதுசாரம். தனியாகக் குடிக்க நல்ல வைன். நண்டுக்குப் பிறகு வாய் முழுக்க நெருப்பும் கசப்பும். மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு வாயில்தான் சூட்டையும் உணர்கிறது. வழமையாக 42 பாகையளவில் தூண்டப்படும் அது, மதுசாரம் பட்டால் 34 பாகையிலேயே விழித்துக்கொள்கிறது. உடம்பின் சூடே 37. ஆகவே மதுசாரம் கூடக் கூடக் காரமும் ஏறும். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் வெள்ளை வைன், 8 அல்லது 9 வீதம், கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு. அதே நண்டோடு அது காரத்தை அடக்கியது, நண்டின் இனிப்பும் தெரிந்தது. ஹோட்டல் பட்டியலில் நண்டுக்கு நேரே அதைப் போடச் சொல்லி எழுதினேன்.

ஷிராஸை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதில் வருகிற மிளகு வாசத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற சேர்மத்தை 2008இல் அடையாளம் கண்டார்கள். நம் கறிமிளகின் வாசத்திலும் இருப்பது அதுவேதான். சமையற்காரரிடம் இதைச் சொன்னதும் மிளகு தூக்கலாக, மிளகாய் போடாமல் ஒரு கணவாய்ப் பிரட்டல் செய்து பார்ப்போம் என்றார். அடுத்த போயா கழிந்த காலையில், 16 பாகையில், அதைச் சுவைக்க இருக்கிறோம்.