கடைசல் எந்திரத்தில் கையுறை வேண்டாம்

மரக்கட்டையைச் சுழலவிட்டு உளியால் கடைகிற எங்கள் பட்டறைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் முதலில் கேட்பது கையுறைதான், அதை மட்டும் போட விடமாட்டேன், ஏனென்றால் சுற்றுகிற கட்டையில் ஒரு நூல் சிக்கினால் போதும், கையையே உள்ளே இழுத்துவிடும், சுவிட்சை எட்டக்கூட நேரம் இருக்காது. துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் அப்படித்தான். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் இரவில் தனியாக வேலை செய்த மாணவி ஒருவர், தலைமுடி சிக்கி இறந்துபோனார். அது உலோகம் கடையும் எந்திரம், சிக்குகிற விதம் ஒன்றுதான்.

அப்புறம் விரிசல். சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காதீர்கள், தயவுசெய்து முழு முகக்கவசம் போடுங்கள். போன வாரம் வேப்பங்கட்டையில் கிண்ணம் கடையும்போது மயிரிழை விரிசலைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டேன், பாதிக் கட்டை பிய்த்துக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. கவசத்தில், சரியாக இடது கண்ணுக்கு நேரே, அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.