கோடில்லாத இடத்தில் கோடு

பார்வையற்றவர்கள் விரலால் தொட்டு அறிவதற்காக ஓவியங்களைப் புடைப்புப் பலகைகளாகச் செய்வது எங்கள் வேலை. ஓவியத்தை அப்படியே மேடாக்கிவிட்டால் போதாதா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். போதாது. கண் முழுப் படத்தையும் ஒரே வீச்சில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் விவரத்துக்குள் போகிறது. விரலுக்கு அந்த வசதி இல்லை. சின்னச் சின்ன இடங்களாகத் தடவித்தான் அது முழுப் படத்தையும் மனத்தில் கட்ட வேண்டும். இரண்டு புள்ளிகளை ஏறக்குறைய 2 மி.மீ.க்கும் நெருக்கமாக வைத்தால் விரல்நுனிக்கு அவை ஒன்றாகிவிடும். பிரெய்ல் எழுத்திலேயே புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மி.மீ. விடுகிறார்கள். ஆகவே எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

மோனாலிசா ஓவியத்தைப் புடைப்பாகச் செய்தபோது இதை முழுதாக உணர்ந்தேன். லியொனார்டோ அந்த உதட்டோரங்களுக்குக் கோடே போடவில்லை. நிழலில் கரைய விட்டிருக்கிறார். புன்னகையா இல்லையா என்று கண் தடுமாறுவதே அதனால்தான். களிமண்ணில் கரைய விட்டால் விரல் அங்கே எதையும் காணாது. கோடு கீறினாலோ, ஓவியர் திறந்து வைத்ததை நான் மூடிவிடுகிறேன். கடைசியில் உதடுகளைத் தெளிவாக எடுத்து, ஓரங்களை மட்டும் கன்னத்துக்குள் மெல்லத் தாழ்த்தினேன். முகத்தை மட்டும் பெரிதாக்கித் தனிப் பலகையும் செய்தேன். பின்னணியின் வளைந்த பாதையும் பாலமும் இன்னொரு பலகைக்குப் போயின. உருவத்துக்குப் பின்னால் அவற்றை நெருக்கினால், தோளிலிருந்து ஏதோ முளைத்ததுபோல் விரலுக்குப் படும். தலைமேல் கிடக்கும் மெல்லிய துகில்தான் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. அதை ஒலி விளக்கத்துக்கு விட்டோம்.

களிமண் ஈரமாக இருக்கும்போதே பார்வையற்ற ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அச்சு வார்த்த பிறகு கருத்துக் கேட்பது மரியாதைக்குக் கேட்பது மட்டுமே. அந்தப் பலகையைத் தொட்ட அம்மா ஒருவர் முகத்துக்கே போகவில்லை. கைகளில் நின்று, "இடது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லையே, இவர் எதன்மேல் சாய்ந்திருக்கிறார்?" என்றார். நாற்காலியின் கைப்பிடி ஓவியத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் அதைக் கவனிப்பது அரிது. அன்றே அதை இன்னும் உயர்த்தினோம்.

2015இல் மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகம், தன்னிடமுள்ள மோனாலிசா நகல் உட்பட ஆறு ஓவியங்களைத் தொட்டு அறியும் வடிவில் வைத்தது. அப்படி வைக்கும் எல்லா இடங்களிடமும் நான் கேட்பது இதுதான்: பலகையைச் சுவரில் மாட்டாதீர்கள். இடுப்பு உயரத்தில், சற்றே சாய்த்து, முன்னால் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். கைகளால் படம் பார்க்க நேரம் பிடிக்கும்.