காலியாக விட்ட கட்டம்

அந்தத் தொலைபேசிப் பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. "அண்ணா, பருப்புப் பாத்திரத்துக்கு யாருமே டெம்பரேச்சர் எழுதலை. அடுப்பை எப்ப அணைச்சாங்கன்னும் தெரியலை. இப்ப நடுவுல 52, ஓரத்துல 44 காட்டுது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார், மாணவர்களும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் சமையலில் பரிமாறும் அணியை நடத்திய மாணவி. "தெரியலைன்னா தெரியலைன்னே எழுதும்மா. பருப்பைக் கொட்டிடுங்க" என்றேன்.

விதிப்படி இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் வெளியே போக வேண்டியதுதான். எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்ல ஆளில்லாவிட்டால் 2 மணி தாண்டியதாகவே எடுத்துக்கொள்வோம்.

இப்படிச் சேர்ந்து நடத்தும் சமையலில் அடுப்படியில் தப்பு நடப்பது குறைவு. அங்கே நிறுவனத்தின் சமையல்காரர் நிற்கிறார். உப்பு முதல் வேக்காடு வரை அவர் பார்த்துக்கொள்வார். சிக்கல் ஷிப்ட் மாறும் நேரத்தில்தான். சமைக்கும் அணி அடுப்பை அணைத்துவிட்டு வகுப்புக்கு ஓடும். பரிமாறும் அணி வகுப்பு முடிந்த பிறகுதான் வரும். அதே நேரம் சமையல்காரர் பின்வாசலில் சரக்கு இறக்கிக்கொண்டிருப்பார். வெப்பநிலையை அவர்கள் எழுதியிருப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் வந்து எழுதுவார்கள் என்று அவர்களும் விட்டுவிட, பாத்திரம் மட்டும் மூடியோடு தனியாக நிற்கும். தேர்வு வாரத்தில் இந்த இடைவெளி இன்னும் நீளும்.

கொட்டச் சொன்னதற்கு என் பக்க நியாயம் உறுதியானது. கெட்டியான பருப்பும் பெரிய பாத்திரமும், காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு ரொம்பவே தோதானவை. அதன் வித்துகள் கொதியில் சாவதில்லை. கொதிக்கும்போது காற்றெல்லாம் வெளியேறிவிடுவதால், உணவு ஆற ஆற அவை உள்ளே முளைக்கத் தொடங்கும். 43 முதல் 47 டிகிரி வரை உள்ள சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஓரத்தில் 44 காட்டியது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மோந்து பார்த்தோ ருசி பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. மறுபடி 74 டிகிரிக்குச் சூடேற்றினால் இந்தக் கிருமி பெருமளவு சாகும் என்பது உண்மைதான். ஆனால் கை பட்டு வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி விட்டுச் சென்ற நஞ்சு கொதித்தாலும் போகாது. சாப்பிட வருபவர்களில் முதியவர்கள் உண்டு, கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் உண்டு, மருந்து மாத்திரையில் இருப்பவர்கள் உண்டு. ஒரு நாள் வயிற்றுப்போக்கு அவர்களை மருத்துவமனை வரை கொண்டுபோகலாம்.

இத்தனையும் சரி. மூடிய 40 லிட்டர் பாத்திரம் சீக்கிரம் ஆறாது என்பதும் சரி. கொதிநிலையிலிருந்து 60-க்கு இறங்கவே அதற்கு மணிக்கணக்காகும். அப்படியென்றால் நின்ற நேரத்தில் பெரும்பகுதி பத்திரமான சூட்டிலேயே கழிந்திருக்கலாம், 60-க்குக் கீழே இறங்கி 2 மணி நேரம் ஆகாமல் இருந்திருக்கலாம். அடுப்பை அணைத்த நேரம் மட்டும் தெரிந்திருந்தால் சூடேற்றிப் பரிமாறியிருப்போம். அந்த வேளை தட்டில் பருப்பு இல்லை. வேறெதுவும் அந்த அளவுக்குச் சமைத்து வைத்திருக்கவில்லை. வயிறு நிறையாமல் எழுந்து போனவர்கள் இருந்திருப்பார்கள். விதியை எழுதியவர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை என்று சமையல்கார அக்கா சொன்னார். பதிலுக்கு என்னிடம் வாதம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் உறுத்துவது பருப்பு அல்ல, அதற்குப் பிறகு வந்த பதிவுத் தாள்கள். அவற்றில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. 65, 65, 66, 65 என்று வரிசையாகப் போகின்றன. உண்மையாக அளந்த தாள் அப்படி இருக்காது. 81.4 இருக்கும், பக்கத்தில் 62.7 இருக்கும், ஒன்றை அடித்து மேலே இன்னொன்று எழுதியிருப்பார்கள், ஓரத்தில் குழம்பு விரல் தடம் இருக்கும். எங்கள் தெர்மாமீட்டர் தசமம் காட்டும். தாளில் தசமம் காணாமல் போனது. ஒரு தடவை அளவு சரிபார்க்க பனிக்கட்டித் தண்ணீரில் கம்பியை நுழைத்தபோது திரையே எரியவில்லை, பேட்டரி போயிருந்தது. அன்றைய தாள் முழுமையாக நிரம்பியிருந்தது. இழுப்பறையில் இன்னொரு தெர்மாமீட்டரும் இருந்தது, அதில் அளந்திருக்கலாம். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் குற்றம் சாட்டுவது போலாகும், மாணவர்கள் சம்பளத்துக்கு வருபவர்களும் இல்லை.

உள்ளதை உள்ளபடி சொன்னவர் கையாலேயே பாத்திரத்தைக் கவிழ்க்க வைத்தோம், மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் அதிலிருந்து உணவுப் பாதுகாப்பைக் கற்றார்களா, தாளை நிரப்பி வைக்கக் கற்றார்களா என்பதுதான் கேள்வி. இதையே காரணம் காட்டி விதியைத் தளர்த்தவும் எனக்கு மனமில்லை. தளர்த்தினால் அடுத்த பாத்திரத்துக்கு யார் பொறுப்பு? ஒப்பந்தப்படி நிறுவனம்தான், மாணவர்கள் அல்ல.

சில நடைமுறைகளை மாற்றினோம். அடுப்பை அணைத்தவுடன் மூடியில் ஒட்டும் டேப்பில் நேரத்தை மார்க்கரால் எழுத வேண்டும். தாள் தொலைந்தாலும் மூடி தொலையாது. இரண்டு அணிகளும் 15 நிமிடம் ஒன்றாக நின்று பாத்திரத்தைக் கைமாற்ற வேண்டும், கால அட்டவணை போடும்போதே இதைக் கல்லூரியிடம் பேசிவிட வேண்டும். தெர்மாமீட்டர் திரையைப் பாத்திரத்தோடு சேர்த்துப் படம் எடுத்தால் போதும், எண்ணை எழுத வேண்டாம். கம்பியின் முனை நடுவில் இருக்க வேண்டும், அடிப்பாகத்தைத் தொட்டால் சூடு கூடுதலாகக் காட்டும். உடனே பரிமாறாத உணவை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான தட்டங்களில் பரப்பி ஆற்ற வேண்டும். சூடு காக்கும் பெட்டிகளில் முதலில் கொதிநீர் ஊற்றி வைத்து, அதைக் கொட்டிவிட்டு, விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பாதி காலியான பெட்டி சீக்கிரம் ஆறிவிடும்.

எல்லாவற்றையும்விட உதவியது அலமாரியில் ஒரு வேளைக்கு வேண்டிய டப்பா உணவை எப்போதும் வைத்திருப்பது. பாத்திரத்தைக் கொட்டினாலும் தட்டு காலியாகாது என்று தெரிந்தால் உண்மையைச் சொல்வது கொஞ்சம் எளிதாகிறது. முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். டப்பாக்களுக்குப் பணம் வேண்டும், காலாவதித் தேதி பார்த்துச் சுழற்ற ஆள் வேண்டும்; பருவத்துக்குப் பருவம் மாறும் தன்னார்வலர்களிடம் அது எளிதாக நடப்பதில்லை.

தாளில் 'தெரியாது' என்று ஒரு கட்டமும் சேர்த்தோம். அதில் இதுவரை விழுந்த டிக் எல்லாம் அந்த ஒரே மாணவியுடையது. மற்ற ஷிப்ட்களில் பாத்திரம் கவனிப்பாரின்றி நின்றதே இல்லை என்றுதான் தாள் சொல்கிறது.