அடுக்கை மட்டும் நகர்த்துதல்: ஸ்கால்ப்என் குறிப்புகள்

மார்ச் 4

வெக்டரின் நீளம் காணும் சி மொழி ஃபங்ஷன் ஒன்றைத் திருத்தி எழுதுகிறேன். உறுப்புகள் 3×10^200, 4×10^200 என்றால் விடை 5×10^200. டபுள் எனும் 64 பிட் எண் வகைக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் வர்க்கம் எடுத்ததுமே 9×10^400 ஆகிவிடுகிறது; டபுளின் உச்சவரம்போ சுமார் 1.8×10^308 தான். விடை முடிவிலி என்று வருகிறது.

மிகப் பெரிய உறுப்பால் எல்லாவற்றையும் வகுத்துவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒவ்வொரு வகுத்தலும் ஒரு ரவுண்டிங் பிழையைச் சேர்க்கும். 2-இன் அடுக்கால் வகுத்தால் அந்தக் கவலை இல்லை: எண்ணின் இலக்கங்களைத் தாங்கும் மேன்டிஸாவின் 53 பிட்டும் அப்படியே இருக்க, அடுக்கு மட்டும் மாறும். எண்ணின் 2-அடுக்கைச் சொல்லும் ஐலாக்பி (ilogb) ஃபங்ஷன் பெரிய உறுப்புக்கு 666 தருகிறது. எண்ணை 2-இன் அடுக்கால் பெருக்கித் தரும் ஸ்கால்ப்என்னுக்கு (scalbn) -666 கொடுத்தால் உறுப்புகள் ஏறக்குறைய 0.98, 1.31 என இறங்கிவிடுகின்றன. வர்க்கம், கூட்டல், வர்க்கமூலம், கடைசியில் +666. அவ்வளவுதான்.

மார்ச் 5

எல்லா உறுப்பும் பூஜ்யமாக இருந்தால் முதலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும். பூஜ்யத்துக்கு ஐலாக்பி தரும் மதிப்பு சில கணினிகளில் இன்ட் எனும் முழு எண் வகையின் மிகச்சிறிய எண். அதன் குறியை மாற்றினால் இன்ட்டே வரம்பு மீறி ஓவர்ஃப்ளோ ஆகும், அதன்பின் என்ன நடக்கும் என்பதற்கு சி மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

மார்ச் 8

ஸ்கால்ப்என் எதற்கு, பவ் ஃபங்ஷனில் 2^n கண்டுபிடித்துப் பெருக்கினால் போதாதா என்று கூட வேலை செய்பவர் கேட்டார். போதாது. 2^-1000 என்ற எண்ணை 2^1500 ஆல் பெருக்க வேண்டும் என்று வையுங்கள். விடை 2^500, சாதாரண எண். ஆனால் 2^1500 டபுளில் இல்லை. பவ் முடிவிலியைத் தந்துவிடும்.

"அப்படியானால் இரண்டு துண்டாகப் பெருக்குகிறேன்" என்றார். மேலே போகும்போது சரிதான். கீழே இறங்கும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் 2^-1022க்குக் கீழே சப்நார்மல் எண்கள் தொடங்குகின்றன. அங்கே பிட்டுகள் ஒவ்வொன்றாக உதிரும். கடைசியாக மிஞ்சுவது 2^-1074 மட்டும். அதை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம்.

1.5ஐவிட ஒரே ஒரு கடைசி பிட் குறைந்த எண்ணை, அதாவது 1.5 − 2^-52ஐ, 2^-1074 ஆல் பெருக்க வேண்டும். உண்மை மதிப்பு ஒன்றரை அலகுக்குச் சற்றுக் குறைவு. எனவே சரியான விடை 1 அலகு. இதையே முதலில் 2^-1073, பிறகு 2^-1 என்று பிரித்துச் செய்தால்? முதல் படியில் 3 அலகுக்கு மயிரிழை குறைவாக வந்து, 3 என்று ரவுண்ட் ஆகிறது. அடுத்த படியில் சரியாக 1.5. நடுவில் விழுந்தால் இரட்டைப்படைக்குப் போகவேண்டும் என்பது விதி. விடை 2 அலகு!

ஒரே எண் இருமுறை ரவுண்ட் ஆனதால் விடை இரு மடங்காகிவிட்டது. நான் இதைத் தாளில் போட்டுக் காட்டியதும் அவர் வாதிடவில்லை.

மார்ச் 9

மஸ்ல் (musl) எனும் சி மொழி நூலகத்தின் ஸ்கால்ப்என் மூலநிரலைப் படித்தேன். மிகச் சில வரிகள், ஆனால் அழகு. அடுக்கு -1022க்குக் கீழே போனால் 2^-1022 ஆல் பெருக்குவதில்லை, 2^-969 ஆல் பெருக்குகிறார்கள் (1022 − 53 = 969). இதனால் கடைசிப் பெருக்கலுக்கு எப்போதும் குறைந்தது 54 அடுக்கு மிச்சமிருக்கும். முதல் படியிலேயே எண் சப்நார்மலாகி ரவுண்ட் ஆகியிருந்தாலும், அடுத்த படியில் அது பூஜ்யம்தான். இடையில் நேர்ந்த பிழைக்கு விடையில் இடமே இல்லை. 53ஐ எடுத்து இந்தப் பக்கம் வைத்த கை யாருடையதோ, மனதாரப் பாராட்டுகிறேன்.

மார்ச் 11

ஸ்கால்ப்என்னைப் போலவே எல்டிஎக்ஸ்ப் (ldexp) என்று இன்னொரு ஃபங்ஷன் உண்டு; அது 2-இன் அடுக்கால் பெருக்கும். ஸ்கால்ப்என் ரேடிக்ஸின், அதாவது கணினி தன் எண்களைச் சேமிக்கும் அடிமானத்தின், அடுக்கால் பெருக்கும். ரேடிக்ஸ் 2 என்றால் இரண்டும் ஒன்றே. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360இல் ரேடிக்ஸ் 16. அங்கே 2 ஆல் பெருக்கினாலே மேன்டிஸா நகர்ந்து கடைசி பிட்டுகள் விழக்கூடும். 16 ஆல் பெருக்கினால் விழாது. சி மொழியின் சி23 தரத்தில் உள்ள தசம எண் வகைகளிலும் இதே கணக்கு: ஸ்கால்ப்என் குடும்பம் 10-இன் அடுக்கால் பெருக்குகிறது.

மார்ச் 12

ஸ்கால்ப்என்னின் உடன்பிறப்பான ஸ்கால்ப்எல்என் (scalbln) அடுக்கை ஏன் இன்ட்டாக வாங்காமல், லாங் எனும் பெரிய முழு எண் வகையாக வாங்குகிறது என்பதும் விளங்கிற்று. இன்ட்டுக்கு 32767 வரை மட்டுமே உத்தரவாதம். 128 பிட் எண்களில் மிகச்சிறியது 2^-16494, உச்சம் 2^16384ஐ ஒட்டியது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அந்த 32767 போதாது.

நம் ஃபங்ஷன் டபுளோடு நிற்பதால் ஸ்கால்ப்என்னே போதும். 1.5 − 2^-52 கணக்கைச் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிட்டேன்.