கம்பி நுழையாத டயரைத் தேடி

கேளம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து பெருங்குடியில் இருக்கும் அலுவலகம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். படூர், நாவலூர், செம்மஞ்சேரி, சோழிங்கநல்லூர், காரப்பாக்கம், துரைப்பாக்கம் என்று பழைய மாமல்லபுரம் சாலையின் ஓரத்தையே பிடித்துக்கொண்டு, வாரத்தில் நான்கு நாட்களாவது சைக்கிளில் போய் வருகிறேன். ஐந்து கிலோமீட்டர் ஓட்டுபவர் பஞ்சரானால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்ந்துவிடலாம். இருபது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அன்றைய நாளே குலைந்துபோகிறது. அந்தத் தொல்லையை ஓராண்டு முழுக்க அனுபவித்த பிறகுதான் டயரைப் பற்றி நான் முறையாக யோசிக்கத் தொடங்கினேன்.

முதல் ஆண்டு வண்டியோடு வந்த டயரிலேயே ஓட்டினேன். கார்த்திகை மாத மழை இரவொன்றில் காரப்பாக்கம் அருகே பின்சக்கரம் இறங்கிவிட்டது. மெட்ரோ ரயில் பணிக்காக நிறுத்தியிருந்த தடுப்புகளின் ஓரமாக, தெருவிளக்கு வெளிச்சத்தில் உதிரி ட்யூபை மாட்டிக் காற்றடித்துக் கிளம்பினேன். சோழிங்கநல்லூர் சந்திப்பைத் தாண்டுவதற்குள் அதுவும் இறங்கிவிட்டது. மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் இரண்டு ட்யூபுகளையும் சக்கரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ட்யூபுகளைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்திலிருந்து குமிழிகள் கிளம்பின. “ட்யூப்ல ஒண்ணும் இல்ல தம்பி, டயருக்குள்ளதான் இன்னும் குத்திக்கிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு, டயரின் உட்பக்கத்தை வெளியே திருப்பி, வண்டி துடைக்கும் வேஸ்ட் பஞ்சில் ஒரு பிசிறை எடுத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நின்றது. குறட்டால் பிடித்து அவர் இழுத்து எடுத்தது, அரிசி மணியைவிடச் சிறிய, தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஒரு இரும்புக் கம்பி. விரலால் தடவியிருந்தால் கையில் ஏறியிருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது. லாரி டயர் வெடிக்கும்போது அதற்குள் இருக்கும் கம்பிப் பின்னல் இப்படித்தான் தூள்தூளாகச் சிதறுகிறது என்று அவர் விளக்கினார்.

அன்றிலிருந்து டயரில் எடுத்த ஒவ்வொன்றையும் ஒரு பழைய மாத்திரைப் புட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் வந்தது. அதில் பாதிக்கு மேல் இந்தக் கம்பிகள்தாம். மீதி கண்ணாடிச் சில்லு, சீமைக் கருவேல முள், நெருஞ்சி முள். டயர் வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் குத்துகிற பொருளுக்கு ஏற்ப டயரின் பாதுகாப்பு முறையும் வேறுபடுகிறது.

பஞ்சரைத் தடுக்க டயர் செய்பவர்கள் இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள். முதலாவது, ரப்பருக்கு அடியில் அறுபடாத இழைகளை நெருக்கமாக நெய்து ஒரு பட்டையாக வைப்பது. கெவ்லார் இந்த வகை இழைகளில் பலருக்கும் தெரிந்த பெயர். டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபானி குவோலெக் 1965-இல் அதற்கு அடித்தளமிட்டபோது, அவருடைய குழு தேடிக்கொண்டிருந்ததே டயருக்கு ஏற்ற, எடை குறைந்த, வலுவான இழையைத்தான்; குண்டு துளைக்காத உடுப்பு எல்லாம் பிறகு வந்தது. இழைப் பட்டை வைத்த டயர்கள் எடை குறைந்தவை, வேகமாக உருளக்கூடியவை. கண்ணாடிச் சில்லின் அகலமான விளிம்பை இந்தப் பின்னல் நன்றாகவே தடுத்து நிறுத்துகிறது. ஆனால் ஊசி போன்ற கம்பிக்கு இழையை அறுக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டு இழைகளுக்கு நடுவே வழி செய்துகொண்டு உள்ளே போய்விடும்.

இரண்டாவது வழி, ட்யூபுக்கும் சாலைக்கும் நடுவே தூரத்தை அதிகமாக்குவது. ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில், வெளி ரப்பருக்குக் கீழே 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மெத்தென்ற இயற்கை ரப்பர்ப் பட்டை ஒன்று இருக்கிறது. என் புட்டியில் இருக்கும் கம்பிகளில் எதுவுமே அவ்வளவு ஆழத்தைக் கடக்கும் நீளம் உடையதில்லை. கம்பி ஏறினாலும் அந்தப் பட்டைக்குள்ளேயே நின்றுவிடும். என் சக்கரம் 20 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9,200 முறை சுற்றுகிறது; ரப்பரில் தைத்த கம்பியைச் சாலை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை உள்ளே தட்டுகிறது. தைத்த இடத்தில் உடனே இறங்காத காற்று ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இறங்குவதற்கு இதுவே காரணம். நீண்ட தூரம் ஓட்டுபவருக்குக் கனமான பட்டை தேவைப்படுவதும் இதனால்தான். இரண்டு அங்குல ஆணி நேராக ஏறினால் எந்த டயரும் தாங்காது. அதை எதிர்பார்த்து வாங்கக் கூடாது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை எடைதான். 37 மில்லிமீட்டர் அகலமுள்ள மாரத்தான் பிளஸ் ஒன்று ஏறத்தாழ 900 கிராம் இருக்கும். புது டயரை மாட்டிய முதல் வாரம் சிக்னலில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் தொடையில் அந்தக் கனம் தெரிந்தது. ஓட்டம் பிடித்துவிட்ட பிறகு அவ்வளவாகத் தெரியவில்லை. வீட்டிலிருந்து அலுவலகம் சேர எனக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகிறது. சாலையோரத்தில் குந்தி ட்யூப் மாற்றும் இருபது நிமிடத்தோடு ஒப்பிட்டால் அதை நான் மனமுவந்து கொடுப்பேன். ஆனாலும் இந்தக் கனமான டயரைப் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் தேர்ந்தெடுத்தேன். உடல் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல்தான் இறங்குகிறது; படுத்துக் கிடக்கும் கம்பியையும் சில்லையும் முன்சக்கரம் கிளப்பி நிமிர்த்திவிட, பின்சக்கரம் அதன் மேல் ஏறுகிறது. முன்சக்கரத்துக்கு அதே நிறுவனத்தின் சாதாரண மாரத்தான் போட்டேன்; அதில் பட்டையின் கனம் 3 மில்லிமீட்டர்.

அளவு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. ஒரு கடையில் 28 அங்குல டயர் என்று கேட்டு வாங்கிவந்து மாட்டினால், ரிம்மில் உட்காராமல் தொளதொளவென்று சுற்றியது. நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிள்களின் 28 அங்குலச் சக்கரத்தில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போதைய ஹைப்ரிட் சைக்கிள்களின் 700சி சக்கரத்தில் அது 622 மில்லிமீட்டர். ஆனால் 622 டயர்களின் பக்கவாட்டிலும் 28 அங்குலம் என்றே அச்சிட்டிருக்கும். ஆகவே அங்குலத்தை விட்டுவிட்டு, 37-622 என்பதுபோல் இருக்கும் எண்ணைப் பழைய டயரில் பார்த்து, அதையே எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். முதல் எண் அகலம். அது பிரேக்குக்கும் மட்கார்டுக்கும் இடையில் புகுமா என்பதையும் அளந்துவிட வேண்டும்.

இந்த டயரை மாட்டுவது எளிதல்ல. பட்டையின் கனத்தால் அது வளைய மறுக்கும். நான் இரண்டு மணி நேரம் மொட்டை மாடி வெயிலில் போட்டுவைத்த பிறகே அது கொஞ்சம் இளகியது. வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இரு கைகளாலும் தள்ளிக்கொண்டே வந்து, வால்வு இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு வலுவிருந்தாலும் கடைசி ஒரு சாண் ஏறாது. டயர் கழற்றும் நெம்புகோலால் (லிவர்) நெம்பி ஏற்றினால் புது ட்யூபையே கிழித்துவிடும்.

விலை அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. தினமும் நான்கைந்து கிலோமீட்டர் போய்வருபவர்கள் நம் ஊர் டயரையே வாங்கி, காற்றைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும். காற்று குறைந்த டயரில் வேகத்தடை மேலோ குழி விளிம்பிலோ ஏறினால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளைகள் விழும்; அதை எந்தப் பாதுகாப்புப் பட்டையும் தடுக்காது. நான் பின்னால் 70, முன்னால் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்து, வாரம் ஒரு முறை அளவுக்கருவி வைத்த பம்பில் சரிபார்க்கிறேன்.

மழைக்காலத்தில் அதுவும் போதாது. ஈரமான ரப்பரைக் கண்ணாடி எளிதாகக் கீறிவிடுகிறது. மழைநீர் சாலையின் நடுவிலிருக்கும் குப்பையை எல்லாம் நாம் ஓட்டும் ஓரத்துக்கே அடித்துக்கொண்டு வருகிறது. ஐப்பசி பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு டயர்களையும் ஈரத்துணியால் துடைத்து, மேல் ரப்பரில் தைத்திருக்கும் சில்லுகளை ஊக்கால் நெம்பி எடுக்கிறேன்.

பின் டயர் மாட்டி இரண்டு மழைக்காலங்கள் முடிந்துவிட்டன. அதில் ஒரே ஒரு முறைதான் காற்று இறங்கியது. செம்மஞ்சேரி அருகே ஏறிய கட்டுமான ஆணி அது. முன் டயரில் மூன்று முறை இறங்கியிருக்கிறது, மூன்றும் கம்பி. அடுத்த ஐப்பசிக்கு முன்பாக முன்சக்கரத்துக்கும் 5 மில்லிமீட்டர் பட்டையுள்ள டயரையே போட்டுவிடலாம் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.