முன் சக்கரத்துக்கும் ஸ்விங்ஆர்முக்கும் நடுவில்

ஹோண்டா ஆர்எஸ்125 பந்தய பைக்கின் ஃப்ரேமை ஃபேரிங் (வெளி உறை) இல்லாமல் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்கவே முடியாது. பைக்கின் மொத்த எடையே 70 கிலோ சொச்சம்தான். 125 சிசி டூ-ஸ்ட்ரோக் வகுப்பு உலகப் போட்டியிலிருந்து 2011-ஓடு போய்விட்டது, பழைய இன்ஜின்களுக்குப் பாகம் கிடைப்பதும் வருடா வருடம் கஷ்டமாகிறது, ஆனால் அந்த அலுமினிய ஃப்ரேம் மட்டும் கெடாமல் நிற்கிறது. அதில் ஹோண்டாவின் சிஆர்எஃப்450ஆர் மாதிரி ஒரு மோட்டோகிராஸ் (மண் டிராக் பந்தய) இன்ஜினை உட்காரவைத்தால் என்ன என்று ஆசை வருவது நியாயம்தானே?

வெல்டிங்கும் மவுண்ட் தகடும்தான் பெரிய வேலை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. இடம்தான் பிரச்சினை. 450-இல் எக்ஸாஸ்ட் முன்பக்கம் வெளியே வருகிறது. அதற்கு முன்னால் ரேடியேட்டர், அதற்கும் முன்னால் பிரேக் பிடித்து ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) முழுக்க அமுங்கும்போது பின்னால் நெருங்கி வரும் டயர். சரி, இன்ஜினைப் பின்னால் தள்ளலாம் என்றால் முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) ஸ்விங்ஆர்ம் பிவட்டில், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஃப்ரேமோடு சேரும் இடத்தில், போய் முட்டுகிறது. முட்டாமல் தப்பித்தாலும் அந்த ஸ்ப்ராக்கெட் சில மில்லிமீட்டர் மேலே கீழே போனாலே செயின் இழுக்கும் கோணம் மாறிவிடும். வளைவு முடிந்து த்ராட்டிலைத் திறக்கிறபோது பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் லேசாகி, பைக் வெளிப்பக்கமாக ஓடும். சிஆர்எஃப்-இல் வால்வுகளைத் திறக்க ஒரே கேம்ஷாஃப்ட் என்பதால் ஹெட் (சிலிண்டரின் மேல்பகுதி) கொஞ்சம் குட்டை, அந்த ஒரு விஷயத்தில் நமக்கு லாபம்.

அப்புறம் சூடு. மண் டிராக்கில் த்ராட்டில் முழுசாகத் திறந்திருப்பது சில நொடிகள்தான். தார் டிராக்கின் நீண்ட நேர்கோட்டில் அப்படி இல்லை. 450-இன் 62.1 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்), 11,000 ஆர்பிஎம் என்று கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 22.8 மீட்டர், அதை ஒவ்வொரு சுற்றிலும் தாங்கவேண்டிய இன்ஜினில், பழைய மாடல்களில், ஆயில் ஒரு லிட்டர்கூடக் கிடையாது (அவற்றில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில்). கியரும் ஐந்துதான்.

இந்த இட நெருக்கடிக்கு எனக்குப் பிடித்த பதில் ஹோண்டாவே கொடுத்ததுதான். 125 சிசி வகுப்புக்குப் பதிலாக 2012-இல் தொடங்கிய மோட்டோ3-க்காக வந்த என்எஸ்எஃப்250ஆர் இன்ஜினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 78, ஸ்ட்ரோக் 52.2 மில்லிமீட்டர். 2004-இல் வந்த சிஆர்எஃப்250ஆர் மோட்டோகிராஸ் இன்ஜினிலும் அதே அளவுதான்! ஆனால் சிலிண்டரை 15 டிகிரி பின்னால் சாய்த்து, ஹெட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். காற்று முன்னாலிருந்து போகிறது, எக்ஸாஸ்ட் பின்னால் வருகிறது, முன் டயருக்கு இடம் கிடைத்துவிட்டது.

வீட்டு கேரேஜில் ஹெட்டைத் திருப்ப முடியாது. அதனால் என்னைக் கேட்டால் 450-ஐ விட்டுவிட்டு 250-ஐ எடுங்கள். ஜப்பானியப் பந்தய பைக் நிறுவனமான மொரிவாக்கி தன் எம்டி250எச் பைக்கில் சிஆர்எஃப்250 இன்ஜினைத்தான் வைத்தது, அதுவும் அந்த இன்ஜினுக்கென்றே செய்த ஃப்ரேமில். பழைய ஆர்எஸ்125 ஃப்ரேம்தான் வேண்டுமென்றால், தகடு வெட்டுவதற்கு முன்னால் ஃபோர்க் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தை முழுக்க அமுக்கி, டயர் எங்கே வந்து நிற்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள்.